ஆயிரத்து எண்ணூறு வாட்

நாலு பிளக் கொண்ட பெட்டி, கழிவு விலையில்.
தொழிற்சாலை மூடின கிழமையே வாங்கி வந்தார் தவநேசன்.
ஒரு பின்னேரம் முழுக்க முழங்காலில் நின்று
ஒவ்வொரு சுவர்த்துளையாக மாட்டினார்.
"இனிக் கரண்ட் காசு பாதி" என்றார்.
பதினொரு யூரோ குறைந்தது.
அதை நாங்கள் பெரிதாக எடுக்கவில்லை.

போன் பெயர் கேட்டது, ஜெர்மனில், மரியாதையாக.
கருவி ஒன்று: முன்னறை விளக்கு.
மாலை ஆறுக்குத் தானே எரியும்,
வீட்டில் ஆள் இருக்கிறது என்று கள்ளனுக்குச் சொல்ல.
ஆள் இருக்கிறார்தான். இப்போது நாள் முழுக்க இருக்கிறார்.
இரண்டு: குளியலறையில் ஈரம் உறிஞ்சுவது.
மூன்று: லண்டனில் இருந்து வந்த கிரைண்டர்,
அதன் மூன்று கால் பிளக்குக்கு ஒரு மாற்றுச் சொருகி,
சொருகியின் பின்னால் இது,
தொட்டால் ஆடும்.
நான்கு: கேத்தல்.
விடிய ஐந்து ஐம்பதுக்குத் தானே கொதிக்கும்.
வூப்பர்டாலின் தொங்கு ரயிலால் இறங்கி
நான் மூன்று மாடி ஏறி வர
தண்ணீர் சூடாக இருக்கும்.
அவருடைய ஏற்பாடு. எனக்குப் பிடித்திருந்தது.

இரவில் நான் பாண் தொழிற்சாலையில்.
பட்டியில் பணிஸ் ஓடி வரும்,
கோணலானதைப் பொறுக்குவது வேலை.
மூன்று மணிக்கு இருபது நிமிட ஓய்வு.
மாப்படிந்த பெருவிரலைப் போனுக்கு அடையாளம் தெரியாது,
துடைத்துத் துடைத்துத் திறப்பேன்.
முதல் நாள் சும்மாதான் பார்த்தேன்.
கருவி நான்கில், இரண்டு பன்னிரண்டுக்கு,
ஒரு கோடு செங்குத்தாக எழும்பி
ஆயிரத்து எண்ணூறு வாட்டில் மூன்று நிமிடம் நின்று
விழுந்திருந்தது.
இரண்டு ஐம்பதுக்கு இன்னொன்று.

விடிய வந்து கேட்டேன்: நித்திரை எப்படி?
"அடிச்சுப் போட்ட மாதிரி" என்றார்,
எனக்குத் தேத்தண்ணி ஊற்றியபடி.

அடுத்த இரவு மூன்று கோடு. அதற்கடுத்து நாலு.
கொர்னேலியா எட்டிப் பார்த்தாள்:
பங்குச் சந்தையா?
ஓம் என்றேன்.
ஏறுதா?
ஏறுது.

நல்லதென்று நினைத்துத்தான் ஒரு விதி போட்டேன்:
பன்னிரண்டிலிருந்து ஐந்து வரை
கருவி நான்கு இயங்காது.
தேத்தண்ணி கிடைக்காவிட்டால் படுத்துவிடுவார் என்று
குழந்தைக்குப் போடுகிற கணக்கு.
இரண்டு பதினாலுக்கு அது ஒரு வரி எழுதியிருந்தது:
கையால் இயக்கப்பட்டது.
இருட்டில் குனிந்து, பக்கவாட்டில் தடவி,
அந்தப் பொட்டளவு பொத்தானை
அவர் அமுக்கியிருக்கிறார்.

நாங்கள் அதைப்பற்றிக் கதைக்கவில்லை.

மறுநாளில் இருந்து கோடே இல்லை.
ஐந்து இரவு பூச்சியம்.
கேத்தல் இப்போது அடுப்புக்குப் பக்கத்தில்,
பழைய துளையில், யாருக்கும் ஒன்றும் சொல்லாத துளையில்.
ஐந்து ஐம்பதுக்கு அவரே நின்று கொதிக்க வைக்கிறார்.
நித்திரை?
நல்ல நித்திரை.

ஆறாம் இரவு, மூன்று மணி.
எழுதப் போனால்
"ஏன் முழிச்சிருக்கிறீங்கள்" என்றுதான் வரும்,
எழுதவில்லை.
கருவி ஒன்றை அழுத்தினேன்.
பதினொரு கிலோமீற்றருக்கு அப்பால்
முன்னறை வெளித்திருக்கும்,
சோபாவில் அவர் திடுக்கிட்டிருப்பார்,
அல்லது உண்மையிலேயே நித்திரையாக இருப்பார்,
எனக்குத் தெரியாது.
அணைத்தேன். போட்டேன். அணைத்தேன்.
கள்ளனுக்கு இல்லை இது.

நாலு நிமிடம் ஒன்றும் வரவில்லை.
பிழை விட்டுவிட்டேன் என்று
போனைக் கவிழ்த்து வைக்கப் போகையில்

கருவி நான்கு.
கோடு எழும்புகிறது.

மணி அடிச்சாச்சு, வா, என்கிறாள் கொர்னேலியா.
கையில் மெஷின் கோப்பி ஆறுது.
அங்கே கொதித்து முடியட்டும் என்று
நான் இன்னும் எழும்பவில்லை.